தனக்கோடி வீட்டு நாலாவது நாய்

மரக்காணம் உப்பளத்தில் தனக்கோடியின் வீடு எது என்று யாரும் வழி கேட்டதில்லை. உப்பு வண்டி போகும் தடத்தில் இறங்கி நூறு அடி நடந்தால், மூன்று நாய்கள் எதிரே வந்து நின்று விசாரிக்கும். அவற்றுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் போனால் வீடு வந்துவிடும்.

வீடு என்றாலும் அது அவளுடையது இல்லை. அளத்துக் காவல்காரனுக்கென்று முதலாளி கட்டிவிட்ட மண்சுவர் வீடு, மேலே பனையோலை. தனக்கோடியின் புருஷன் தேவநாதன் உப்பு அம்பாரங்களுக்குக் காவல். தனக்கோடி மற்றப் பெண்களோடு அளத்தில் கூலி வேலை. ஒரே மகளைச் செய்யூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆக வீட்டில் ஆட்கள் இரண்டு, நாய்கள் மூன்று. எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் வரைக்கும் நிலவரம் இதுதான்.

மூன்றில் மூத்தது ஒரு செம்மண் நிறப் பொட்டை நாய். பெயர் மேஸ்திரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் தேவநாதன் காவலுக்கு வந்தபோதே அது அங்கே இருந்தது. வீட்டுச் சாவியையும் ஒரு ஓட்டை வாளியையும் கொடுத்த பழைய காவல்காரன், "இதுவும் வூட்டோட சேர்ந்ததுதான்" என்று நாயையும் காட்டிவிட்டுப் போனான். ஆகவே தனக்கோடியைவிட அதற்குத்தான் அந்த வீட்டில் சர்வீஸ் அதிகம். காலையில் வெயில் ஏறுமுன் ஒரு தரம், சாயங்காலம் ஆட்கள் கரையேறும்போது ஒரு தரம், வரப்பு வழியாக நடந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கால்வாய் வரைக்கும் போய்த் திரும்பும். அதனால் அந்தப் பெயர்.

"பொட்டை நாய்க்குப் போய் மேஸ்திரின்னு பேரா?" என்று அளத்தில் கூட வேலை செய்யும் கொளஞ்சி ஒருநாள் கேட்டாள்.

"ஆம்பளை மேஸ்திரிங்க செய்யாத வேலையெல்லாம் அது செய்யுதே" என்றாள் தனக்கோடி.

அடுத்தது செவலை. உப்பேற்ற வந்த மாட்டுவண்டியின் நிழலிலேயே நடந்து வந்து, வண்டி திரும்பியபோது இதுமட்டும் திரும்பாமல் நின்றுகொண்டது. மூன்றாவது மொண்டி. பஸ் ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததை, நாய்களைக் கண்டாலே தனக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த தேவநாதன்தான் துண்டில் சுருட்டித் தூக்கி வந்தான்.

உப்பளத்து நாய்க்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: வரப்பில் நடக்கலாம், பாத்தியில் இறங்கக் கூடாது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் பாத்தித் தரையைப் பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தரை சிமெண்டுபோல இறுகும்வரை ஏழெட்டு மிதி. அப்புறம்தான் உப்புத் தண்ணீரை விடுவது. மிதித்த தரையில் ஒரு மாட்டுக்குளம்போ நாய்க்காலோ பதிந்தால் அந்தக் குழியில் சேறு நிற்கும். உப்பு அங்கே கறுத்துத்தான் வரும். மாடும் கழுதையும் வராமல் பார்ப்பது நாய்களின் வேலை. நாய்களே இறங்காமல் பார்ப்பது மேஸ்திரியின் வேலை. செவலையும் மொண்டியும் அதனிடம் இரண்டு மூன்று கடி வாங்கித்தான் இதைக் கற்றன.

அந்த மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில் லீமாவும் அவள் புருஷன் பவுல்ராஜும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேரியரில் ஒரு மாம்பழக் கூடை, மேலே சாக்கு போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. கூடைக்குள்ளிருந்து முனகல். மூன்று நாய்களும் கூடையைப் பார்த்துக் குலைத்த குலைப்பில் பவுல்ராஜ் சைக்கிளை லீமாவிடம் விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

லீமா கல்யாணத்துக்கு முன்னால் இதே அளத்தில் தனக்கோடியோடு உப்புச் சுமந்தவள். இப்போது இடையஞ்சாவடியில் வாழ்க்கைப்பட்டு, ஆரோவில்லில் ஒரு பிரெஞ்சுக்காரம்மாவின் வீட்டில் துணி துவைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா ஊருக்குப் போயிட்டாங்கக்கா. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலயாம். திரும்ப வர மாட்டாங்க. போறப்ப அழுதுகினே இதை எங்கையில குடுத்துட்டாங்க."

சாக்கை விலக்கியதும் வெள்ளையும் காப்பியும் கலந்த நிறத்தில், காதெல்லாம் முடி தொங்கும் ஒரு சின்ன ஆண் நாய் தலையை நீட்டியது. கழுத்தில் நீலத் தோல்பட்டை. உடம்பெல்லாம் சோப்பு வாசனை.

"பேரு பிஜூ" என்றாள் லீமா. "கட்டில்லயே படுத்துப் பழகிடுச்சி. 'வியான்'னு சொன்னாத்தான் வரும். அது அவங்க பாஷை."

"உங்க வூட்ல வச்சிக்கினா இன்னா?"

லீமா புருஷனைப் பார்த்தாள். பவுல்ராஜ் சைக்கிள் மணியைத் துடைத்தான்.

"மாமியாருதுல ரெண்டு கோழிக்குஞ்சை முழுங்கிடுச்சிக்கா. நேத்துலருந்து வூட்ல சண்டை. நீ வச்சிக்கலன்னா கோட்டக்குப்பம் மார்க்கெட்டாண்ட அவுத்து வுட்டுட்டு வந்துடுவேங்கிறாரு இவரு."

பவுல்ராஜ் மணியை இன்னொரு தரம் துடைத்தான்.

தனக்கோடிக்கு லீமாவிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கிளியனூரிலிருந்து அவள் இந்த அளத்துக்கு வந்தபோது, உள்நாட்டுக்காரி, உப்பைத் தட்டில் மட்டும் பார்த்தவள் என்று யாரும் அவளோடு பேசவில்லை. உப்புச் சுமக்கும் பெண்கள் ஒற்றை வரப்பில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போவார்கள். புதிதாக வந்தவள் கடைசி ஆள். முன்னால் போகிறவர்களின் கூடைகளிலிருந்து சொட்டிச் சொட்டி, கடைசி ஆளுக்கு வரப்பு வழுக்குச் சேறாகக் கிடக்கும். அந்த சீசன் முழுக்கத் தனக்கோடி வழுக்கி வழுக்கியே நடந்தாள். அவளுக்கு முன்னால் போன பதினைந்து வயது லீமா மட்டும் திரும்பித் திரும்பி, "அக்கா, இங்க கால் வைக்காதே, அங்க வை" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

"சரி, எறக்கு" என்றாள் தனக்கோடி.

அம்பாரத்து நிழலில் படுத்திருந்த தேவநாதன் எழுந்து வந்து பார்த்தான். "கட்டில்ல படுக்கிற நாயா? நமக்கே கட்டில் இல்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அது சம்மதம்.

தனக்கோடி தப்புச் செய்தது இதற்கப்புறம்தான்.

அவள் பிறந்த ஊரிலும் சரி, இங்கேயும் சரி, புதிதாகக் கோழி வாங்கி வந்தால் நேரே அவிழ்த்துவிட மாட்டார்கள். கையில் பிடித்து அடுப்பை மூன்று சுற்று சுற்றிக் காட்டி, "இதான் உன் வூடு, எங்க மேஞ்சாலும் இங்க வந்துடணும்" என்று சொல்லித்தான் இறக்குவார்கள். அப்படிச் செய்த கோழி பக்கத்து வீட்டில் முட்டை வைக்காது. தனக்கோடி வாழ்நாளில் எத்தனையோ கோழிக்கும், ஒரு தரம் ஓர் ஆட்டுக்குட்டிக்கும் இதைச் செய்திருக்கிறாள். ஒன்றுகூட வழி தப்பியதில்லை. ஆகவே பிஜூவையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே சாய்ப்பில் இருந்த அடுப்பைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த அடுப்பின் சாம்பல் குழிதான் மேஸ்திரியின் படுக்கை. சமையல் முடிந்து தணல் அவிந்ததும் வெதுவெதுப்பான சாம்பலில் சுருண்டு படுக்கும். செவலையும் மொண்டியும் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அங்கே மூக்கை நீட்டியதில்லை. இரண்டாவது சுற்று வரைக்கும் மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாவது சுற்று முடிந்து, "இதான் உன் வூடு" என்று தனக்கோடி பிஜூவை அடுப்பின் ஓரத்தில் இறக்கிவிட்டாள்.

சாம்பல் புகைபோல எழும்பியது. அதற்குள் யார் மேலே யார் கீழே என்று தெரியவில்லை. செவலை ஓடி வந்தது, மொண்டி மூன்று காலில் ஓடி வந்தது. லீமா "மாதாவே!" என்று கத்தினாள். தனக்கோடி குடத்துத் தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றித்தான் பிரித்தாள். பிஜூவின் இடது காது கிழிந்து ரத்தம் சொட்டியது. அது போய் சைக்கிள் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, பவுல்ராஜின் காலைப் பார்த்து முனகியது.

"போ, போ. ரெண்டு நாள்ல பழகிடும்" என்று தனக்கோடி லீமாவை அனுப்பிவைத்தாள்.

இரண்டு நாளில் பழகவில்லை. பிஜூவைக் கதவு நிலையில் கயிறு போட்டுக் கட்டிவைத்தாள். செவலை வாசலிலேயே உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூழைக் காட்டினால் பிஜூ தலையைத் திருப்பிக்கொண்டது. கருவாட்டுத் தலையை மோந்து தும்மியது. பாவம் என்று டீக்கடையிலிருந்து பன் வாங்கிவந்து பாலில் நனைத்துப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு மூன்று நாய்களும் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன.

"ஏண்டி கிளியனூரு, வெள்ளைக்காரி நாய்க்குப் பன்னு பாலு, எங்களுக்கெல்லாம் கூழு. நானும் ஒரு பட்டையைக் கட்டிக்கினு உன் வாசல்ல வந்து குந்திக்கட்டுமா?" என்றாள் கொளஞ்சி. வரிசையில் முதல் ஆளாக நடப்பவள் அவள். வயது ஐம்பதுக்கு மேல். பதினாறு வருஷமாகியும் தனக்கோடியைப் பிறந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"வந்து குந்திக்க. ஆனா 'வியான்'னு கூப்ட்டா ஓடியாரணும்."

"த்தூ! அது இன்னாடி வார்த்தை!"

சிரிப்பெல்லாம் வியாழக்கிழமையோடு நின்றது. காலையில் தனக்கோடி பெண்களோடு மிதிக்கப் போயிருந்தாள். பிஜூ கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அவளைத் தேடி ஓடி வந்தது. அதைத் துரத்திக்கொண்டு செவலை, செவலைக்குப் பின்னால் மொண்டி. வரப்பு முனையில் மேஸ்திரி வழிமறித்து நின்றதும், பிஜூவுக்குப் போக வேறு இடம் தெரியவில்லை. பாத்தியில் குதித்தது. அது குதித்த ஆத்திரத்தில் செவலையும் குதித்தது. ஐந்து நாளாக ஆறு பெண்கள் மிதித்து இறுக்கிவைத்திருந்த இரண்டு பாத்திகளில் நாய்க்கால்கள் கோலம் போட்டுவிட்டன.

கொளஞ்சி இடுப்பில் கைவைத்து நின்று, "ஐயோ என் முட்டி, ஐயோ என் முட்டி" என்று கத்தினாள். மறுபடி மிதிக்கப் போவது அவள் முட்டிதானே.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் ராஜாங்கமும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, பேண்ட் காலில் கிளிப், புதுத் தோல் செருப்பு. கெட்டவர் இல்லை. ஆனால் பாத்தியில் ஒரு காக்காய் நடந்தாலும் முதலாளி தன்னைத்தான் கேட்பார் என்கிற பயத்திலேயே இருப்பவர்.

"இன்னா தனக்கோடி, அளமா இது, நாய்ப் பண்ணையா?"

"புதுசுங்க. தெரியாம எறங்கிடுச்சிங்க."

"அது புதுசு சரி. பழசும் சேர்ந்து எறங்கி இருக்குதே! இது ஒண்ணு வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சி பாரு. திங்கக்கிழமை தண்ணி வுடுறோம். அதுக்குள்ள இந்த வெள்ளை நாயை எங்கனா அனுப்பிடு."

"எறங்காம இருந்தாங்க?"

"எது?"

"பாத்தியில எறங்காம இருந்துச்சின்னா வச்சிக்கலாமாங்க?"

ராஜாங்கம் யோசித்தார். "எறங்காத நாய் எத்தினி வேணா வச்சிக்கம்மா. திங்கக்கிழமை வந்து பார்ப்பேன். ஒரு கால் உள்ள பட்டுச்சின்னா சாக்குல கட்டி உப்பு லாரியில ஏத்திடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

சொன்னால் செய்துவிடுவார். லாரி எங்கே நிற்குமோ, அங்கே இறக்கிவிடுவார்கள். கோட்டக்குப்பம் மார்க்கெட்டாவது லீமாவுக்குத் தெரிந்த இடம்.

மத்தியானம் தேவநாதனுக்குக் கூழ் ஊற்றும்போது தனக்கோடி புலம்பினாள். "மூணு சுத்து சுத்தித்தானேய்யா வுட்டேன்? கோழிக்குப் பலிக்குது, ஆட்டுக்குப் பலிக்குது, இதுக்கு மட்டும் இன்னாவாம்?"

தேவநாதன் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "எந்த அடுப்பைச் சுத்துன? மேஸ்திரியோட அடுப்பை. நீ வந்த புதுசுல உன்னைக் கொண்டாந்து கொளஞ்சியோட பாய்ல குந்த வச்சி, 'இதான் உன் எடம்'னு சொல்லியிருந்தா அந்தம்மா உன்னை உயிரோட வுட்டிருக்குமா?"

தனக்கோடி சட்டியை இறக்கி வைத்தாள். அவன் கூழைக் குடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளாமல் எழுந்து போய்விடுவது தேவநாதனிடம் அவளுக்குப் பிடித்த சில குணங்களில் ஒன்று.

வெள்ளிக்கிழமை முழுக்க, கெட்டுப்போன பாத்திகளை மறுபடி மிதித்தார்கள். தனக்கோடி வழக்கத்தைவிட இரண்டு பங்கு மிதித்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. மிதிக்கும்போது பார்த்துக்கொண்டே இருந்தாள். வரப்பில் மேஸ்திரி போனது. பத்தடி விட்டுச் செவலை, அதற்குப் பின்னால் மொண்டி. ஓர் அடி அகல வரப்பு. அதில் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்து உறும முடியாது. உறுமவேண்டுமென்றால் திரும்ப வேண்டும், திரும்ப லேசில் இடமில்லை. வீட்டு வாசலில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிற அதே நாய்கள், வரப்பில் ஏறினால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல வரிசையாகப் போயின.

சனிக்கிழமை காலை முதல் பன் நின்றது. நாலு சட்டியில் ஒரே கூழ். முதல் சட்டி மேஸ்திரிக்கு, கடைசிச் சட்டி பிஜூவுக்கு. பிஜூ மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது. "இருந்தா குடி, இல்லன்னா வுடு" என்றாள். வெள்ளிக்கிழமை பன்னையும் அது கொஞ்சமாகத்தான் தின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டி காலியாக இருந்தது.

சாயங்காலம் ஆட்கள் கரையேறியதும் மேஸ்திரி தன் வழக்கப்படி கிளம்பியது. தனக்கோடி நீளமான தேங்காய்நார்க் கயிற்றைப் பிஜூவின் பட்டையில் கட்டி, மொண்டிக்குப் பின்னால் அவளும் வரப்பில் ஏறினாள். முன்னால் மூன்று நாய்கள், நடுவில் அவள், அவள் முதுகுக்குப் பின்னால் கயிற்று முனையில் பிஜூ. செவலை இரண்டு தரம் திரும்பி வரப் பார்த்தது. தனக்கோடி புடவையை அகலமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போறியா, எறங்கறியா?" என்று கேட்டாள். இறங்கினால் பாத்தி. பாத்தியில் இறங்கினால் மேஸ்திரி. செவலை முன்னால் திரும்பிக்கொண்டது.

கால்வாய் வரைக்கும் போய் வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததே தனக்கோடிக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காலையில் ஒரு தரம், மதியம் வெயில் தாழ்ந்ததும் ஒரு தரம். மதிய நடைக்குத் தேவநாதனும் சேர்ந்துகொண்டான். மொண்டி வழியில் உட்கார்ந்தால் தூக்கத்தான் என்று சொன்னான். ஆட்கள் தங்கும் சாவடியிலிருந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பார்த்த கொளஞ்சி, "இன்னாடி கிளியனூரு, சாமி ஊர்வலமா? மேளம் எங்க?" என்று கத்தினாள்.

"மேளக்காரன் பின்னால வர்றான்!" என்று தனக்கோடி தேவநாதனைக் காட்டினாள்.

நாலு வரப்புகள் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் அகலம் உண்டு. அங்கே தனக்கோடி ஒதுங்கி நின்றாள். ஒதுங்கியதோடு கயிற்றையும் அவிழ்த்தாள்.

"ஏய், இன்னா செய்யற?" என்றான் தேவநாதன்.

"நாளைக்கு ராஜாங்கம் வந்து கயிறு கட்டின நாயைப் பார்க்கிறதுக்கா இத்தினி நடை நடந்தோம்?"

பிஜூ அவளைக் கடந்து போய் மொண்டியின் பின்னால் சேர்ந்துகொண்டது. மொண்டி திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மூன்று காலைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது வரப்பில் நாலு நாய்கள், பின்னால் இரண்டு ஆட்கள். இப்படி ஐம்பது அடி போயிருப்பார்கள். பாத்திக்குள் உள்ளான் குருவி ஒன்று தத்தித் தத்தி நடந்தது. பிஜூ காதைத் தூக்கியது. முன்னங்கால் ஒன்று வரப்பைவிட்டு இறங்கிப் பாத்தி ஓரத்தைத் தொட்டது.

தனக்கோடி "வியான்!" என்று கத்தவேண்டும் என்று நினைத்தாள். அதற்கு நேரம் இருக்கவில்லை.

முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்த மேஸ்திரி அந்த இடத்திலேயே திரும்பியது. செவலை படுத்து வழிவிட்டது. மொண்டியைத் தாண்டிக் குதித்து வந்து, பிஜூவின் பிடரியை வாயில் கவ்வியது. தேவநாதன் தடியை ஓங்கினான். தனக்கோடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா. கடிக்கல பாரு."

கடிக்கவில்லை. பல் படாமல் கவ்வி, வரப்பின்மேல் அழுத்தி, தொண்டைக்குள் உறுமியது. அப்படித்தான் செவலையை ஒருகாலத்தில் அது அழுத்தியதை அவள் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அடுப்படியில் நடந்தது அப்படியில்லை. அது திருடனைக் கடிக்கிற கடி. பிஜூ வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டது. மேஸ்திரி விட்டுவிட்டு, ஒருதரம் உடம்பை உதறிக்கொண்டு, மறுபடி முன்னால் போய் நடக்க ஆரம்பித்தது. பிஜூ எழுந்து பின்னால் போனது. கால் நாலும் வரப்பில்.

"திட்டு வாங்கிக்கிச்சு" என்றான் தேவநாதன்.

"வாங்கட்டும், வாங்கட்டும்" என்றாள் தனக்கோடி. கொளஞ்சி தன்னை முதல்முதலாகத் திட்டிய நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "கூடையைச் சாய்ச்சிப் புடிக்காதேடி, கழுதை" என்றாள். அதுவரைக்கும் நாலு மாசம் அந்த அம்மா அவளை ஆளாகவே கண்டுகொண்டதில்லை.

திங்கட்கிழமை காலை ராஜாங்கம் சொன்னபடி வந்தார். பெண்கள் எல்லாரும் கரையில் நின்றார்கள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் தரையைப் பார்ப்பது வழக்கம். மறுபடி மிதித்த இரண்டு பாத்தியையும் ராஜாங்கம் வரப்பிலிருந்து குனிந்து பார்த்தார். ஒரு சுவடும் இல்லை. கொளஞ்சியைப் பார்த்து, "நல்லா இறுகியிருக்குதா?" என்று கேட்டார்.

"எறங்கிப் பாருங்களேன்" என்றாள் கொளஞ்சி.

ராஜாங்கம் செருப்போடு இறங்கினார்.

அடுத்த நொடி மேஸ்திரி வரப்பில் வந்து நின்று குலைத்தது. செவலை சேர்ந்துகொண்டது. மொண்டி சேர்ந்துகொண்டது. அப்புறம் நாலாவதாக ஒரு மெல்லிய கீச்சுக் குரல், பட்டணத்துக் குரல், மற்ற மூன்றோடு சேர்ந்து ராஜாங்கத்தின் செருப்பைப் பார்த்துக் கத்தியது. ஒரு வரப்பு நிறைய நாய்கள், ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. பிஜூவின் முன்னங்கால்கள் இரண்டும் வரப்பின் விளிம்பிலேயே துள்ளின; மொண்டியை இடித்தது, ஆனால் இறங்கவில்லை.

ராஜாங்கம் அப்படியே நின்றார். "இன்னாம்மா இது, என்னையே..."

"செருப்புதாங்க" என்றாள் தனக்கோடி. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாத்தியில செருப்போட யாரும் எறங்கிப் பார்த்ததில்லீங்க அதுங்க."

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொளஞ்சிக்கு அந்த நாகரிகம் எல்லாம் கிடையாது, வாய்விட்டே சிரித்தாள். ராஜாங்கம் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். புதுச் செருப்பின் சுவடு மூன்று, இறுகிய தரையின் மேல்தோலில் தெளிவாகப் பதிந்திருந்தது. பதித்த இடங்களிலேயே திரும்பக் கால்வைத்து, மெதுவாக வரப்பில் ஏறினார். அவர் ஏறியதும் குலைப்பு நின்றது. பிஜூவுக்கு மட்டும் நிறுத்த மனசில்லை; மேஸ்திரி திரும்பிப் பார்த்ததும் அதுவும் நிறுத்திக்கொண்டது.

"அந்த மூணு அடியை மிதிச்சி வுட்டுட்டுத் தண்ணி வுடுங்க" என்றார் ராஜாங்கம். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவர் ஒரு காலை ஊன்றித் திரும்பினார். "நாலுக்கு மேல வேணாம் தனக்கோடி."

"வேணாங்க."

"அஞ்சாவதா ஒண்ணு வந்துச்சி..."

"வராதுங்க. லீமாவுக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

மூன்று சுவடுகளையும் கொளஞ்சியே மிதித்தாள். மிதித்துக்கொண்டே, "ஏண்டி தனக்கோடி, அதுக்குக் கறிச்சோறு ஏதாச்சும் போடு. சூப்பர்வைசரையே கரையேத்திடுச்சி" என்றாள். கிளியனூரு என்று கூப்பிடாமல் பெயரைச் சொன்னாளே என்று தனக்கோடி கவனித்தாள். அடுத்த வார்த்தையிலேயே கொளஞ்சி பழையபடி கிளியனூருக்குத் திரும்பிவிட்டாள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பாத்தி பாத்தியாக வானம் இறங்கி நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் நடைக்குத் தனக்கோடி போகவில்லை, போகத் தேவையில்லை. நாலும் அவையாகவே கால்வாய் வரைக்கும் போய் வந்தன. சாய்ப்பில் நின்று எண்ணிப் பார்த்தாள், நாலும் இருந்தன.

சோறு வடித்து, மீன் குழம்பு இறக்கி, தணல் அவிந்ததும் மேஸ்திரி வந்து சாம்பலைக் காலால் கிளறிச் சுருண்டு படுத்தது. செவலை வாசலில். மொண்டி தேவநாதனின் காலடியில். பிஜூவுக்கென்று தனக்கோடி ஓட்டை உப்புக் கூடை ஒன்றைக் கவிழ்க்காமல் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குள் போய்ப் படுத்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தது. அடுப்பிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்தது. அப்புறம் அரையடி. அப்புறம், எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஒரு முன்னங்காலை மட்டும் நீட்டிச் சாம்பலின் ஓரத்தில் வைத்தது.

மேஸ்திரி ஒரு கண்ணைத் திறந்தது. மூடிக்கொண்டது.

"ஒரு கால் உள்ள வச்சிடுச்சி" என்றான் தேவநாதன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"மீதி மூணும் வரும்" என்றாள் தனக்கோடி. "அவசரம் இன்னா? குழம்பு ஊத்தவா?"